முடிச்சு ஆணியைத் தொட்ட நேரம்

என் கருவிப் பெட்டியில் டேப்புக்கும் ரசமட்டத்துக்கும் அடியில் ஒரு சணல் கயிறு சுருண்டு கிடக்கிறது. ஒரு முனையில் சுருக்கு, அதிலிருந்து பதினைந்தாவது அடியில் ஒரு முடிச்சு. வேலை இடம் மாறும்போதெல்லாம் பெட்டியைக் கொட்டி, வேண்டியவை, வேண்டாதவை என்று இரண்டு பட்டியல் எழுதுவேன். இந்தக் கயிறு இரண்டிலும் சேராமல் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். அந்த முடிச்சைப் போட்டவர், கல்வராயன் மலையில் எங்களிடம் சித்தாளாக இருந்த ஓர் அக்கா.

மலைமேல் ஊழியர் குடியிருப்பு ஒன்றை மரச்சட்டத்தில் கட்டிப் பார்க்கலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். செங்கல்லையும் சிமெண்டையும் ஏற்றிக்கொண்டு போவதைவிட மரம் சுலபம் என்பது அவர்கள் எண்ணம். பாலிடெக்னிக் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத என்னை மேற்பார்வைக்கு அனுப்பினார்கள். தங்க ஒரு தகரக் கொட்டகை. அதில் பாதி சாமான்கள், பாதி நான். ரிஷிவந்தியத்திலிருந்து வந்த ஆசாரி, மேட்டுக்கு அந்தப் பக்கம் வனக்காவலர் குடிசையில் தங்கினார். மற்ற ஆட்கள் திங்கட்கிழமை ஏறி வந்து சனிக்கிழமை இறங்கிப் போவார்கள். அக்காவுக்குக் கச்சிராயபாளையம். கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் கட்டட வேலைக்கு வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பகலில் என்னை மேடம் என்பார்; இரவில் என் கொட்டகையில் பாயை விரித்த பிறகு கண்ணு என்பார். படுத்த உடனே குறட்டை தொடங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பதை அவரிடம் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆணிகளை எண்ணுவேன். எண்ண வேண்டிய அவசியம் இருந்ததால் அல்ல.

மரச்சட்டச் சுவரைக் கட்டும் முறையை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அடிச்சட்டத்தையும் மேல்சட்டத்தையும் தரையில் கிடத்த வேண்டும். நடுவே குத்துக்கட்டைகளை அடிக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்க்க வேண்டும். சுவர் படுத்திருக்கும்போதே வெளிப்பக்கத்துக்கு பிளைவுட் பலகை அடித்துவிட வேண்டும். பிறகுதான் எல்லோருமாகச் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். பலகை இல்லாத சட்டம், உள்தட்டை உருவிய தீப்பெட்டிக் கூடு போன்றது. விரலால் தள்ளினாலும் பக்கவாட்டில் சாயும்.

ஆசாரி நோட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுல நெல வெக்கிறது எங்கங்க வருது?" என்றார்.

நல்ல நேரம் பார்த்து வாசல் நிலையை முதலில் நிறுத்திவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் சுவரை எழுப்புவார்கள். என் முறையிலோ நிலை கடைசியில் வந்தது. "நெல வெக்காத வூட்டுல நான் உளி வெக்க மாட்டேங்க" என்று ஆசாரி உட்கார்ந்துவிட்டார். அக்கா சிரித்தார். "படுத்துக்கினு கெடக்குற செவுத்துக்கு யாரு மேடம் பொட்டு வெப்பாங்க? அத மொதல்ல எழுப்புங்க, மூஞ்சி கழுவட்டும்." ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தபின் மறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் துணி கட்டி, மாவிலை செருகி நிலையை நிறுத்தினார்கள். அதன் இருபுறமும் கட்டைகளை நிற்க வைத்தே அடித்து, பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி உயரத்தில் முன்சுவரின் சட்டம் எழும்பியது. முன்பின் விழாமல் முட்டுக் கொடுத்தோம். பலகையைத் திங்கட்கிழமை அடித்துக்கொள்ளலாம் என்று விட்டது என் தவறு.

சனிக்கிழமை, குடிசையிலேயே தங்கிவிட்ட ஆசாரியைத் தவிர, ஆட்கள் எல்லோரும் இறங்கினார்கள். "ஒண்டியா கெடந்து ஆணி எண்ணிக்கினு இருப்பீங்க" என்று சொல்லி அக்கா மட்டும் எனக்காகத் தங்கினார். திங்கட்கிழமை ஒருவரும் ஏறி வரவில்லை. காலை பத்து மணிக்குக் கொடிவழியில் ஏறி வந்த மலைக்காரர் ஒருவர் சேதி சொன்னார். இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கிவிட்டது. கீழே சாலை நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சிக்கு பஸ் இல்லை. பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "ஒன் வூட்டுக்காரரும் கோடாலிய தூக்கிக்கினு முன்னாடி நிக்கிறாரு. நாளைக்கு விடியகாலம் போலீசு வந்து அள்ளிக்கினு போவப் போதுன்னு பேச்சு."

அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாருங்க. நான் போயி கையப் புடிச்சி இழுத்தாத்தான் வருவாரு. மூணு மணிக்கு எறங்கினா பொழுதுக்குள்ள போயிடுவேன்" என்றார். உடனே போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டம் காற்றில் ஏற்கெனவே கிழக்கே சாய்ந்திருந்தது. அவரே வந்து, "இத இப்பிடியே விட்டா வுழுந்துடும். மூணு மணிக்குள்ள முடிச்சிட்டுப் போறேன்" என்று கயிற்றை எடுத்தார்.

டேப்பை மேல்மூலையில் பிடித்து நிற்க ஆள் இல்லை. அதனால் சணல் கயிற்றை அளந்து, பதினைந்தடியில் அக்கா முடிச்சுப் போட்டார். பன்னிரண்டுக்கு ஒன்பது சுவர் சாயாமல் நின்றால் மூலைக்கு மூலை பதினைந்தடிதான். சுருக்கை மேல்மூலை ஆணியில் மாட்டினோம். அதற்கு எதிர்க் கீழ்மூலையில் இன்னோர் ஆணி. முடிச்சு அந்த ஆணியைத் தொட்டால் சுவர் நேராகிவிட்டது என்று அர்த்தம். மேல்சட்டத்தில் வடம் கட்டி, மேற்கே அடித்த முளையில் சுற்றி அக்கா இழுத்தார். ஆசாரி ஏணிமேல் பலகையும் சுத்தியலுமாகக் காத்திருந்தார். நான் கீழே மண்டியிட்டு முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தவிர வேறு யாராலும் அதைப் பார்க்க முடியாது.

"வந்திடுச்சாங்க?"

"கம்மி."

"இப்போ?" என்றார் அக்கா, இழுத்துக்கொண்டே.

"இன்னும் ஒரு விரற்கடை."

"இந்தாம்மா, சோறு துன்னியா இல்லியா? நல்லா இழு" என்றார் மேலேயிருந்து ஆசாரி. "நீ எறங்கி வந்து இழு, நான் மேல குந்திக்கினு பேசறேன்" என்றார் அக்கா.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் முடிச்சு ஆணியைத் தொட்டது. துல்லியமாகத் தொட்டது. "வந்திடுச்சாங்க?" என்று அக்கா கேட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருக்குப் பின்னால் கொட்டகை தெரிந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே அவர் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வழி எத்தனை நாள் அடைபட்டிருக்குமோ தெரியாது. இந்த மேட்டில் நான் தனியாக இருக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கம்மி" என்றேன்.

அக்கா மூச்சைப் பிடித்து இழுத்தார். முடிச்சு ஆணியைத் தாண்டியது. சட்டம் மேற்கே சாய்ந்துவிட்டது. பிறகு வடத்தை அவிழ்த்து, கிழக்கே முளை அடித்து, எதிர்ப்பக்கம் இழுத்து, திரும்பவும் நேராக்கப் பொழுது ஓடியது. கடைசிப் பலகையில் ஆணி இறங்கியபோது கொடிவழி கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கா வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி கண்ணு, விடியட்டும்" என்றார். அன்று மழை கொட்டியது. சுவர் அசையவில்லை. அவர் குறட்டை விடவில்லை. ஆனாலும் பக்கத்தில் ஆள் இருந்ததால் நான் நன்றாகத் தூங்கினேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் தூங்கினேன்.

விழித்தபோது பாய் சுருட்டியிருந்தது. அவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே தெருவிலிருந்த ஆண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கணவர் வெளியே வரப் பல வாரங்கள் ஆயின. அக்கா அதன்பின் மலைக்கு வேலைக்கு வரவில்லை.

தைப் பொங்கல் முடிந்து நான் கச்சிராயபாளையத்துக்கு அவரைத் தேடிப் போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே மூன்று வாக்கியமாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மேடம், இன்னா இப்பிடி எளைச்சிட்டீங்க?" என்று முக்காலியை இழுத்துப் போட்டுக் கரும்புச்சாறு கொடுத்தார். உள்ளே அவர் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாங்கள் பேசுவது கேட்டும் திரும்பவில்லை. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எல்லாம் என் தப்புதான் மேடம். அன்னிக்கி அவசரத்துல கயித்த ஜாஸ்தியா இழுத்துட்டேன். பதமா இழுத்திருந்தா மூணு மணிக்கே எறங்கி இருப்பேன், இல்லீங்களா?"

நான் பாடம் செய்த மூன்று வாக்கியங்களும் அப்போது நினைவிலிருந்தன. டம்ளரில் இன்னும் பாதிச் சாறு இருந்தது. அதைக் குடித்து முடித்தேன். "நேரமாச்சு அக்கா" என்று எழுந்தேன். தெருமுனைவரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

போன மாதம் அந்தக் குடியிருப்பின் நிலைமையைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி என்னை மலைக்கு அனுப்பினார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. கூரை: இரண்டு இடத்தில் ஒழுகல். அடிச்சட்டம்: ஒரு மூலையில் கரையான். பலகை: பெயிண்ட் உரிந்திருக்கிறது. முன்சுவருக்கு வந்தபோது டேப்பை எடுக்கவில்லை. பலகையின் விளிம்பை ஒட்டி, பெயிண்டுக்கு அடியில் அந்த இரண்டு ஆணித் தலைகளும் புடைத்துக்கொண்டு தெரிந்தன. ஏணி வைத்து ஏறி, கயிற்றின் சுருக்கை மேல் ஆணியில் இறுக்கி மாட்டிவிட்டு இறங்கி, அன்று போலவே மண்டியிட்டேன். முடிச்சு கீழ் ஆணியின்மேல் வந்து நின்றது. ஒரு நூலளவுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

முளை அடித்திருந்த இடத்தில் இப்போது புல். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"வந்துவிட்டது அக்கா" என்றேன், வாய்விட்டு.