உச்சிக் கிளையில் இருப்பவர்கள்

இடுப்பு வாரை இழுத்து இழுத்துப் பார்ப்பார். சிவப்புத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டுவார். அடிமரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கயிற்றில் கால் வைப்பார். என் சித்தி மகளைக் கட்டியவர். எனக்கு மாப்பிள்ளை முறை. காட்டு மரங்களின் மேல் குடியிருக்கும் செடிகளைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, கீழே ஆராய்ச்சிக்கார அம்மா எழுதிக்கொள்வார். உச்சியில் இருப்பவை வெயிலில் காய்கின்றனவா என்பதுதான் அந்த அம்மாவின் ஆராய்ச்சியே. மாப்பிள்ளைக்கும் ‘உச்சியார்’ என்றே பட்டப்பெயர்.

செடிகளைக் குடித்தனக்காரர்களாகத்தான் பேசுவார். “இதுங்க மரத்தை உறிஞ்சுற ரகம் இல்ல மச்சான். ஒக்கார எடம் குடுத்தாப் போதும். மொதல்ல பாசி வந்து பாய் விரிக்கும். அதுல ஈரம் நின்னாத்தான் பெரணி வரும். நெழல் கேக்குறவனுக்குக் கீழ் வீடு, வெயில் தாங்குறவனுக்கு மாடி வீடு.” உச்சிக் கிளையில் வெள்ளைப் பூ வைக்கும் ஓர் ஆர்கிட் செடி அவருக்கு ‘மாடி வீட்டு மருமக’.

முழங்கால் தேய்ந்ததைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. பாதி மரத்திலேயே இலை மறைவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, பார்க்காத உச்சியையும் சேர்த்தே சொல்லிவிடுவார். கீழிருந்து அந்த அம்மா கேட்பார்:

“மருமக எப்படிண்ணே இருக்கா?”

“ஜம்முனு இருக்காம்மா.”

ஒரு சூறைக்காற்றில் அந்த உச்சிக் கிளை முறிந்து விழுந்தது. மறுநாள் நானும் கூடப் போயிருந்தேன். பாசி தொட்டால் தூளாக உதிர்ந்தது. பெரணி இருந்த இடத்தில் வெறும் பட்டை. மருமகள் காய்ந்த நாராகக் கிடந்தாள். முந்தின நாள் முறிந்த கிளையில் ஒரே நாளில் காய்ந்தது இல்லை அது. அந்த அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. “சாப்ட்டீங்களாண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை கடைத்தெருப் பக்கம் வருவதில்லை. சந்து வழியாகத்தான் போக்குவரத்து. “என்ன உச்சியாரே, தரையில எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?” என்று விஷயம் தெரியாத என் தங்கை கேலி செய்கிறாள். அதற்கும் குனிந்த தலை நிமிர்வதில்லை.

அந்த அம்மா அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இப்போதும் பாதி மரம் வரைதான் ஏறுகிறார். மறைவில் உட்காருவதில்லை. “இதுவரைக்குந்தாம்மா பாத்தேன்” என்று குரல் கொடுக்கிறார். இறங்குமுன், சிவப்புத் துண்டைத் தலையிலிருந்து அவிழ்த்து, போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி, தாம் நின்ற கிளையில் கட்டுகிறார்.