ஊதிவிட ஆள் தேடி

இஸ்மிருக்கு வந்ததிலிருந்து என் மகள் வாயே திறக்கவில்லை. அரியலூரில் இருந்தவரை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களைக்கூட விடமாட்டாள், அப்படிப் பேசுவாள். கணவருக்கு இந்தத் துருக்கித் துறைமுக ஊரில் சிமெண்ட் ஆலை வேலை கிடைத்ததும் வந்தோம், மூன்று வயசுப் பிள்ளை ஒரேயடியாக மௌனமாகிவிட்டாள். டாக்டர் காது, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லையென்றால் ஏன் பேசமாட்டேன் என்கிறாள்?

போனில் மாமியாரிடம் அழுதேன்.

"புது ஊரு, பயந்துருக்கும். பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போம்மா. அங்கதான் எங்க பாத்தாலும் பள்ளிவாசலாமே!"

எங்கள் பக்கம் அது சாதாரணம். பிள்ளை பயந்துவிட்டால், சாயங்காலத் தொழுகை முடிகிற நேரம் பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு நிற்போம். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வெளியே வருகிறவர்கள் ஓதி, பிள்ளை முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். வாய் திறந்து எதுவும் கேட்கக்கூட வேண்டாம்.

"இங்கெல்லாம் அப்படி உண்டான்னு தெரியலையே" என்றார் கணவர்.

"உங்களுக்கு எதுதான் தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பழைய கடைவீதிக்குள் நுழைந்ததுமே தலை சுற்றியது. அங்கிருப்பதெல்லாம் சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசல்கள். தூரத்தில் கோபுரம் தெரிகிறது. கிட்டே போனால் பேரீச்சம்பழக் கடை, நகைக் கடை, செருப்புக் கடை. வாசலைக் காணோம். கடைகளுக்கு மேலேதான் பள்ளிவாசலைக் கட்டி வைத்திருக்கிறார்கள் மகராசன்கள்! சுற்றிச் சுற்றி வந்தால் இன்னொரு குவிமாடம். அது முன்னே பார்த்ததா, வேறொன்றா? எல்லாமே ஒரே ஜாடை. ஒருவழியாக இரண்டு கடைகளுக்கு நடுவே படிக்கட்டைக் கண்டுபிடித்தபோது பாங்கு சொல்லிவிட்டார்கள்.

படிக்குக் கீழே நின்றேன். தொழுகை முடிந்து ஆட்கள் இறங்கினார்கள். மகளின் முகத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒருவர் கன்னத்தைக் கிள்ளினார். ஒருவர் மிட்டாய் கொடுத்தார். இன்னொருவர் பெண்கள் போகும் வழி அந்தப்பக்கம் என்று கைகாட்டினார். ஐயோ, ஊதத் தெரியாதா உங்களுக்கு? நான் செய்வது சரியா, தப்பா, இவர்கள் வழக்கத்தில் இது குற்றமா என்று ஒன்றும் விளங்கவில்லை. வெட்கத்தில் முகம் சுட்டது.

கடைசியாக வந்த வெள்ளைத் தாடிக்காரர் நின்று என்னவோ கேட்டார். பாஷை தெரியாமல் நானே மகள் முகத்தில் ஊதிக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மகளின் இமையை மெல்ல விரித்துப் பிடித்து, கண்ணுக்குள் ஊதினார். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம்! இல்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த கண்ணிலும் ஊதினார்.

மகள் கண்ணைக் கசக்கினாள். அவரையே பார்த்தாள். பிறகு, "இன்னொருவாட்டி ஊது தாத்தா" என்றாள்.

அவருக்கு எதுவும் புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பயந்துபோன மனுஷன் மறுபடி கண்ணாடியைச் சரிசெய்தார். மகள் அவர் தாடியைப் பிடித்துத் தன் முகத்துக்கு இழுத்தாள்.