பூதலிங்கம் பிணமாகக் கிடந்த நாடகம்

இருபத்தொன்பது வருஷம் திரைக்கயிறு இழுத்தவர் பூதலிங்கம். மலையாளம் பேசுகிற ஊரில், கிழக்கேகோட்டை பக்கம் இருக்கிற ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை. மணி அடிக்கணும், கேட் திறக்கணும், நோட்டீஸை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டணும். ஆண்டுவிழா வந்தால் மேடைக்குப் பக்கத்தில் நின்று திரையை இழுக்கணும். அந்த மேடையை அவர் கூட்டியிருக்கிறார், துடைத்திருக்கிறார், இளகின பலகைக்கு ஆணி அடித்திருக்கிறார். ஜனம் பார்க்க அதில் ஏறி நின்றது மட்டும் கிடையாது. வேலையை விட்டு இறங்கப் போகிற கடைசி வருஷத்தில்தான் அதுவும் நடந்தது. ஏறி நின்றார் என்று சொல்ல முடியாது. நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தினார்கள்.

சொந்த ஊர் பூதப்பாண்டி. படிப்பு அஞ்சாம் கிளாஸ். பதினேழு வயசில் பழவங்காடியில் ஒரு ஹோட்டலுக்கு மாவாட்ட வந்தார். அங்கே தினமும் தோசை சாப்பிட வந்த பள்ளிக்கூட மேனேஜர் ஒருத்தர், பையன் ஒழுங்காக இருக்கிறானே என்று கூட்டிக்கொண்டு போய் பியூனாக்கிவிட்டார். கல்யாணம், வாடகை வீடு, ஒரே மகள் நாச்சியார். அவளுக்கும் கல்யாணமாகி, பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்து, தை மாசம் ஒரு பெண் குழந்தை பெற்றாள்.

அன்றிலிருந்து பூதலிங்கத்தின் கால் தரையில் இல்லை. பேத்தி கொட்டாவி விட்டால் அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்வார். "நேத்து தும்மிச்சு டீச்சரே. ரெண்டு தும்மல். என்னைப் பார்த்துத்தான் தும்மிச்சு!" சந்தோஷத்தில் ரெண்டு நாள் மூணாவது பீரியடு மணியை அஞ்சு நிமிஷம் முன்னாடியே அடித்துவிட்டார். பிள்ளைகளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அந்த வருஷ ஆண்டுவிழாவுக்கு ஸ்ரீலட்சுமி டீச்சர் ஒரு நாடகம் எடுத்தாள். ரெண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தி கிரேக்க தேசத்தில் போட்டதாம். கதை இதுதான். ஒரு ராஜா, பிடிவாதக்காரன். யாரோ சொன்ன பேச்சை நம்பி மகனை ஊரை விட்டு விரட்டிவிடுகிறான். வேண்டாம், வேண்டாம் என்று ஊர்க்கூட்டம் சொல்கிறது, கேட்கவில்லை. கடைசியில் மகனைப் பிணமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அப்போதுதான் அவன் மேல் தப்பில்லை என்று ராஜாவுக்குத் தெரிகிறது. ராஜாவாக ஒன்பதாம் கிளாஸ் பிரஜின். ஊர்க்கூட்டமாகப் பத்துப் பெண்பிள்ளைகள். வேட்டியை ஒரு தோளில் சுற்றிவிட்டால் கிரேக்கக்காரன் ஆகிவிடலாம் என்று டீச்சர் சொன்னாள்.

பிணத்தில்தான் தகராறு. முதலில் விபின் என்கிற பையனைப் போட்டாள். மறுநாள் காலையில் அவன் அம்மை கேட்டில் நிற்கிறாள்.

"டீச்சரே, என் மகனுக்கு கண்டகச்சனி நடக்குது. இந்த நேரத்துல கொண்டுபோயி வெள்ளத்துணி போட்டு மூடுகதா? நாங்க சம்மதிக்க மாட்டோம் கேட்டோ."

"நாடகம்தானே சேச்சி?"

"உங்களுக்கு நாடகம். பெத்தவளுக்கு எந்தா?"

அடுத்த பையனுடைய அப்பாவும் வந்தார். "என் மோன் திருடனா நடிக்கட்டும், பிசாசா நடிக்கட்டும். பிணமா மட்டும் வேண்டாம்." மூணாவது வீட்டிலும் அதே கதை. ஹெட்மாஸ்டர் டீச்சரைக் கூப்பிட்டு, பேசாமல் வேறு நாடகம் பாருங்கள் என்றார்.

டீச்சர் விடவில்லை. ரெண்டு தலையணையைப் போர்வையில் சுற்றிப் பலகையில் வைத்து ஒத்திகை பார்த்தாள். பிரஜின் குனிந்து, "என் மகனே!" என்றான். போர்வை ஓரத்தில் தலையணைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. ஊர்க்கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்றாள். பிறகு பத்துப் பேரும் சிரித்தார்கள். பிரஜினும் தலையணை மேலேயே விழுந்து சிரித்தான். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

திரைக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற பூதலிங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. இருபத்திநாலு வயசில் ஹோட்டலுக்கு ஒரு போன் வந்தது, அப்பா போய்விட்டார் என்று. அன்றைக்குப் பார்த்து பந்த். ஒரு வண்டி ஓடவில்லை. நெய்யாற்றின்கரை வரைக்கும் நடந்தே போனார். ஆறு மணிக்குப் பிறகு பஸ் கிடைத்து ஊர் போய்ச் சேர்ந்தால், எல்லாம் முடிந்து ஆட்கள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அழலாம் என்று பார்த்தால் எதைப் பார்த்து அழுவது? அப்பாவுடைய கட்டில் கிடந்தது, செருப்பு கிடந்தது. அந்த அழுகை இன்றுவரைக்கும் வெளியே வந்ததில்லை.

"டீச்சரே," என்றார் பூதலிங்கம். "தலையணையைப் பார்த்து யாருக்கு அழுக வரும்? நான் கிடக்கேன்."

"அண்ணே, நீங்களா? ராஜா மகனுக்கு வயசு இருபதுல்லா?"

"மூஞ்சிய மூடிட்டா எல்லா பிணத்துக்கும் ஒரே வயசுதான்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். பாடைக்கு மூங்கில் வேண்டாம் என்று அவரே சொல்லி, ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கரும்பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஏறிப் படுத்தார். துணியால் மூடினார்கள். ஊர்க்கூட்டம் பாட்டுச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வீட்டில் பேத்தி ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டிருக்கிற காலம். பூதலிங்கம் அசந்துவிட்டார்.

"டீச்சரே," என்று பிரஜின் கத்தினான். "பிணம் குறட்டை விடுது கேட்டோ!"

வீட்டில் இது யார் வாய் வழியாகவோ போய்ச் சேர்ந்தது. அவர் உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே பொண்டாட்டி உலகம்மை வாசலை மறித்தாள்.

"இஞ்சேருங்க, புத்திய எங்கயாவது வச்சிட்டு வந்துட்டீங்களா? பேத்தி பொறந்து இருவத்தெட்டு ஆகல. இவரு பிணமா கிடக்காராம்! ஊர்ல வேற வேஷமே கிடைக்கலயா?"

"ஏட்டி, சும்மா படுக்கதுதான. தினமும் வீட்டுல படுக்கல்லியா?"

"வீட்டுல படுத்தா காலைல எந்திச்சு காப்பி கேக்கீங்க. அது வேற படுக்க!"

கட்டிலில் இருந்த நாச்சியார் சிரிப்பை அடக்க முடியாமல் குழந்தையை முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

உலகம்மையைக்கூடச் சமாளித்துவிடலாம். நாச்சியாருடைய மாமியார் கிருஷ்ணவேணி அப்படி இல்லை. நல்ல மனுஷி, ஆனால் சடங்கு சாங்கியத்தில் இம்மி பிசகக் கூடாது. இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்ட வேண்டும். அவர்கள் வீட்டு வழக்கப்படி தாயைப் பெற்றவன்தான் முதல் முடிச்சுப் போடணும். கையில் கயிறு வாங்கி வைத்துக்கொண்டு பூதலிங்கம் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஆண்டுவிழா வெள்ளிக்கிழமை, குழந்தைக்கு இருபத்தாறாம் நாள். கயிறு கட்டு ஞாயிற்றுக்கிழமை.

கிருஷ்ணவேணி புதன்கிழமை நேரில் வந்து, பேத்தியைக் கொஞ்சிவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு வாக்கு கொடுத்துட்டீங்க. வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா தெக்க தல வச்சு படுக்கப்படாது. நெத்தியில காசு வைக்கப்படாது. முக்கியமா, காலு பெருவிரலு ரெண்டையும் சேத்துக் கட்டப்படாது. அது கட்டியாச்சுன்னா நடிப்பில்ல, பிணந்தான். அந்தக் கையால என் பேத்திக்கு கயிறு கட்ட விட மாட்டேன். எங்க வீட்டுக்காரரு கட்டட்டும்."

"கட்ட மாட்டாங்க மைனி. சத்தியம்."

"நான் வந்து பாக்கத்தான் போறேன்," என்றாள் கிருஷ்ணவேணி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்து வழிந்தது. ரெண்டாம் வரிசையில் கிருஷ்ணவேணி, மடியில் கைப்பை. திரைக்கயிற்றை இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டு, பூதலிங்கம் உள்ளே கரும்பலகையில் படுத்தார். தலை கிழக்கே. நெற்றியில் ஒன்றும் இல்லை. வெள்ளைத்துணியைத் தலையோடு மூடினார்கள். பாதம் மட்டும் வெளியே.

மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு ஷிஜா என்கிற மாணவிக்கு. எதையும் அரைகுறையாக விட மாட்டாள். கிரீடத்துக்குத் தங்கக் காகிதம் மூணு தடவை மாற்றி ஒட்டினவள். போன வருஷம் அவளுடைய தாத்தா செத்தபோது எல்லாம் உற்றுப் பார்த்திருக்கிறாள். கரும்பலகையை நாலு பையன்களும் தூக்கப் போகிற நேரத்தில், அவளுக்கு ஏதோ குறைகிற மாதிரிப் பட்டது. தையல் நூல் கட்டையை எடுத்தாள். பூதலிங்கத்தின் ரெண்டு பெருவிரலையும் சேர்த்து, மூணு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டாள்.

பூதலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மக்கா, வேண்டாம்..." என்று துணிக்குள்ளிருந்து சொல்வதற்குள் பலகை மேலே போய்விட்டது. பையன்கள் நடந்தார்கள். வெளிச்சம் துணி வழியாக உள்ளே அடித்தது. கீழே இறக்கினார்கள். பாதம் ஜனங்களைப் பார்த்து இருந்தது. ரெண்டாம் வரிசையிலிருந்து பார்த்தால் முடிச்சுக்கூடத் தெரியும்.

வெறும் தையல் நூல். காலை லேசாக ஒரு உதறு உதறினால் அறுந்துபோகும். உதறிவிடலாமா? பிணம் காலை உதறினால் மண்டபமே சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வேறொருத்தர் தன் பேத்திக்குக் கயிறு கட்டுகிறதை மூலையில் நின்று பார்க்கணுமா? பூதலிங்கம் வலது காலைக் கொஞ்சம் இறுக்கினார். நூல் விரலில் பதிந்தது.

அப்போது பிரஜின் பக்கத்தில் வந்தான். அவன் சொல்ல வேண்டிய வசனம் முழுசும் பூதலிங்கத்துக்கு மனப்பாடம். "யார் இது? யாரைக் கொண்டுவந்தீர்கள்?" என்று ஆரம்பிக்கணும். அவன் ஆரம்பிக்கவில்லை. கட்டின விரல்களை, நிஜப் பிணத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தபடி நின்றான்.  பிறகு அவன் பொத்தென்று முழங்காலில் உட்கார்ந்தது பலகையில் அதிர்ந்தது. ஒத்திகையில் இல்லாதபடி முகத்துத் துணியை விலக்கினான். பூதலிங்கம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மகனே," என்றான் பிரஜின். குரல் உடைந்துவிட்டது. அதற்குமேல் அழுகைதான். மேடையில் அழுகிற அழுகை இல்லை, மூக்கு ஒழுக அழுகிற அழுகை. ஒரு சொட்டு பூதலிங்கத்தின் கன்னத்தில் விழுந்து காதுப்பக்கம் இறங்கியது. சூடாக இருந்தது. ஊர்க்கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. மண்டபத்தில் எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

இறுக்கின காலைப் பூதலிங்கம் மெதுவாகத் தளர்த்திவிட்டார். அழட்டும் பய, முழுசாக அழுது தீர்க்கட்டும். எனக்குத்தான் அப்பா உடம்பு கிடைக்கவில்லை, அவனுக்காவது அழ ஒரு உடம்பு இருக்கட்டும். மூச்சையும் அடக்கிக்கொண்டு கிடந்தார். மூடின கண்ணுக்குள்ளே அப்பாவின் செருப்பு வந்தது. தன் கண்ணிலிருந்தும் ஒரு கோடு இறங்குவது தெரிந்தது. பிணம் அழுகிறதை யாரும் பார்க்கவில்லை. பிரஜினின் கண்ணீரோடு கண்ணீராகப் போயிற்று.

திரை விழுந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. ஷிஜா ஓடிவந்து நூலைக் கத்தரித்தாள். "மாமா, நூல் கட்டினது கண்டோ? நெசம் மாதிரியே இருந்துச்சு அல்லே?" அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவளை என்ன சொல்வது? "நல்லா கட்டுன மக்கா," என்று சொல்லிவிட்டு, பின்பக்கப் படியிறங்கிப் போனார்.

குழாயடியில் கிருஷ்ணவேணி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர். அவள் கண் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி. விரலக் கட்டியிருந்தாங்கல்லா?"

"ஆமா மைனி. தெரியாம கட்டிட்டா, சின்னப் பிள்ள."

"தையல் நூலு. ஒரு உதறு உதறுனா அறுந்திருக்குமே. ஏன் உதறல?"

பூதலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பய அழுதுட்டு இருந்தான் மைனி."

கிருஷ்ணவேணி கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மஞ்சள்பொடி. பக்கெட்டில் கொட்டிக் கலக்கினாள். எது எப்படி ஆனாலும் தேவைப்படும் என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள்.

"சாவு வீட்டுக்குப் போனா குளிச்சிட்டுத்தான வீட்டுக்குள்ள ஏறுவோம்? அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கு. தலையோட ஊத்துங்க. மூணு தடவ. துணி மாத்தாதீங்க, நனஞ்சபடியே வீட்டுக்கு நடங்க."

"அப்போ ஞாயிற்றுக்கிழம..."

"முதல்ல ஊத்துங்க. பிணத்துக்கிட்ட நான் பேச மாட்டேன்."

அவர் ஊற்றிக்கொண்டார். மஞ்சள் தண்ணீர் கிரேக்க வேட்டியெல்லாம் வழிந்தது. மூணாவது தடவை ஊற்றி முகத்தைத் துடைத்தபோது, கிருஷ்ணவேணி அங்கே இல்லை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்து இன்னும் விம்மிக்கொண்டிருந்த பிரஜினுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, "போதும் ராசா, அவரு அங்க குளிச்சிட்டு நிக்காரு பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு முன்னால் பூதலிங்கம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்புக் கயிறு அந்தச் சின்ன இடுப்பைச் சுற்றி வந்தது. முதல் முடிச்சை அவரே போட்டார். பேத்தி அவர் முகத்தைப் பார்த்து, காலை ரெண்டு தடவை உதறியது.

"உதறுகா பாரேன்," என்றாள் உலகம்மை. "தாத்தாவுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். கிருஷ்ணவேணி குனிந்து பார்த்துவிட்டு, "முடிச்ச இறுக்காதீங்க அண்ணாச்சி, வளருத பிள்ள," என்றாள்.