நீச்சல் வகுப்பில் எழுதிய நாவல்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ‘அத்தியாயம்’ என்று பெயர். வைத்தவள் பக்கத்து மேசையில் இருக்கும் நான்தான். “சாப்பிடப் போலாமா?” என்று கேட்டால், “இந்த அத்தியாயத்துல ஒருத்தன் வீட்டைவிட்டுப் போகணும், போக மாட்டேங்கறான்” என்று பதில் வரும். போகாதவன் அவள் எழுதும் நாவலில் இருக்கிறான். பசியோடு நிற்பவள் நான்.

நாங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் தொலைபேசி எடுப்பவர்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருக்கும் பொத்தானை அழுத்தினால் எங்கள் காதில்தான் வந்து அலறுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களைப் பேச்சில் பிடித்து வைக்க வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. “கதவுல சாயாதீங்க சார். கீழ உக்காருங்க. வீட்ல இன்னிக்கு என்ன சமையல்?” என்று ஆரம்பிப்பாள். கதவு திறந்த பிறகும் வெளியே வராமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு வரி எழுத முடியாது. பேனாவை எடுத்தால் போதும், எங்கேயாவது ஒரு லிஃப்ட் நின்றுவிடும்.

வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவள் உட்கார்ந்த நொடியில் மகளுக்குச் சீப்பு காணாமல் போகும், கணவருக்குத் தோளில் கிடக்கும் துண்டு காணாமல் போகும். அதனால் நாவல் முழுக்க, சனிக்கிழமை காலை, மகளின் நீச்சல் வகுப்பில்தான் எழுதப்பட்டது. அங்கே பெற்றோர் தண்ணீருக்குப் பக்கத்தில் வரக் கூடாது, மேலே படிவரிசையில்தான் இருக்க வேண்டும். “தண்ணிக்குள்ள முகத்தை வச்சிருக்கிற பிள்ளை அம்மானு கூப்பிட முடியாதுல்ல?” என்பாள். குளோரின் வாடைக்கு நடுவே, முழங்காலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் எழுதுவாள். எழுதப்போவதாக வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அப்போது ஒரு சனிக்கிழமை லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் குளத்தைப் பார்த்தாள். ஆழமில்லாத பக்கத்தில், பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கும் பொடிசுகளுக்கு நடுவில், அவள் மகள் இடுப்பளவுத் தண்ணீரில் நெடுநெடுவென்று நின்றிருந்தாள். அவளுக்கும் கையில் ஒரு பலகை.

வகுப்பு முடிந்ததும் அத்தியாயம் படியிறங்கிப் பயிற்சியாளரிடம் ஓடினாள். “இவளுக்கு மட்டும் இன்னும் நீச்சல் வரலியா சார்?”

“நல்லா கேட்டீங்க மேடம். மீன் மாதிரி நீந்துவா. எப்பவோ பெரிய வகுப்புக்குப் போயிருக்கணும். அது சாயங்காலம். அம்மாவுக்கு இந்த நேரம்தான் சரிப்படும்னு சொல்லிட்டாளே. நீங்க சொல்லச் சொன்னீங்கனு நினைச்சேன்.”

வீடு திரும்பும் பேருந்தில், ஈரத் தலையைத் துவட்டியபடியே மகள் சாதாரணமாகச் சொன்னாள்: “சாயங்காலம்னா உனக்குச் சமையல் இருக்கும், அப்பாதான் கூட்டிட்டுப் போவார். அப்புறம் நீ எங்க போய் எழுதுவே? முடிக்கட்டும்னுதான் இருந்தேன். இன்னும் எவ்ளோம்மா இருக்கு?”

திங்கட்கிழமை என்னிடம் இதைச் சொல்லும்போது அத்தியாயத்துக்குக் கண்ணீர் நிற்கவில்லை. “போதும்டி. பெத்த பிள்ளை எங்க நிக்குதுனு பாக்காம எனக்குக் கதை ஒரு கேடா? இனிமே எழுதவே போறதில்ல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உன் பொண்ணு குளிர்ல வெடவெடனு நின்னு உனக்குச் சேர்த்துக் குடுத்த நேரம்டி அது. அதைத் தூக்கிக் குப்பைல போட்டுட்டு அவ மூஞ்சிய எப்படிப் பாப்பே? எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. அவளைச் சாக்கா வச்சு ஒளிஞ்சு எழுதினியே, அதுதான் தப்பு.”

முறைத்தாள். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை லிஃப்டில் மாட்டியவர்களோடு பேசினாளே தவிர என்னோடு பேசவில்லை. வாயைக் கொடுத்துக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்குப் பயம்தான்.

ஆனால் அன்றைக்கே வீட்டில் பட்டென்று போட்டு உடைத்துவிட்டாள். “இனிமே இவளைச் சாயங்கால வகுப்புக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க. சனிக்கிழமை காலைல நான் எழுதப் போறேன். அந்த நேரம் எனக்கு வேணும்.” கணவர், “இவ்ளோதானே? முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றாராம். சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கலாமே என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அடுத்தவர் குடும்பம், விழுங்கிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் தனியாகக் குளத்துக்குப் போனாள். வீட்டில் சீப்புகள் இன்னும் காணாமல் போய்க்கொண்டுதானே இருக்கின்றன. பழைய இடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோது, கீழேயிருந்து பயிற்சியாளர் சத்தமாகக் கேட்டார்.

“என்ன மேடம், பொண்ணு வரலியா?”

“அவ வகுப்பு சாயங்காலம் சார்,” என்றாள் அவள், பொடிசுகளின் பெற்றோர் எல்லோர் காதிலும் விழும்படி. “இது என் வகுப்பு.”