ஒரே புல்வெளியில் இரண்டு பலகைகள்

நவம்பர் முதல் ஞாயிறு. பிற்பகல் மூன்று மணிக்கு நியூவார்க் விமான நிலையத்தில் இறங்கினேன். தம்பி செந்தில் காருடன் காத்திருந்தான். அவன் வீடு இருக்கும் மான்மவுத் ஜங்ஷன் அங்கிருந்து முப்பது மைல். வழியெல்லாம் வானொலியில் வாஷிங்டன் அரசியல் சண்டைதான். கொஞ்ச தூரம் போனதும் அதை அணைத்தான்.

"அதெல்லாம் நம்ம ஊர் டெல்லி நியூஸ் மாதிரி, அக்கா. எங்களுக்கு இந்த வருஷம் எங்க தெருமுனை நெலம்தான் பெரிய மேட்டர்."

அவன் தெரு முடியும் இடத்தில் ஒரு சோள வயல். விலைக்கு வந்திருக்கிறது. ஒரு நிறுவனம் வாங்கி வேர்ஹவுஸ், அதாவது பெரிய சரக்குக் கிடங்கு, கட்டத் தயாராக இருக்கிறது. சொத்து வரியைக் கொஞ்சம் ஏற்றி, ஊரே அந்த நிலத்தை வாங்கி வயலாக வைத்துக்கொள்ளலாமா என்று நகராட்சி மக்களைக் கேட்கிறது. செவ்வாய்க்கிழமை ஓட்டு. ஆம் அல்லது இல்லை.

வீட்டு வாசல் புல்வெளியில் இரண்டு பலகைகள் நின்றன. பச்சையில் 'யெஸ்', சிவப்பில் 'நோ'.

"எதுக்குடா ரெண்டும்?"

"பச்சை என்னோடது. சிவப்பு மலரோடது."

பொள்ளாச்சியில் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தேர்தல் பணிக்கு எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறேன். புருஷனும் பெண்டாட்டியும் வேறு வேறு சின்னத்தில் குத்தியிருப்பார்கள் என்று ஊகித்ததுண்டு. வாசலில் நட்டு வைத்துப் பார்த்ததில்லை.

இரவு உணவின்போது தம்பி மனைவி மலரிடமே கேட்டேன்.

"வயல் மேல எனக்கென்ன கோபம் அண்ணி? கிரீன் கார்டு வந்த புதுசுல இவருக்கு லேஆஃப் ஆகி வேலை போச்சில்லீங்களா, அப்ப நான் வேர்ஹவுஸ்ல பேக்கிங் பண்ணித்தான் வீடு ஓடுச்சு. இனி வர்றவங்களுக்கு அந்த வேலை வேணாமா? இதுல டாக்ஸ் வேற ஏத்தறாங்க."

செந்தில் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "நிலா அந்த ரோட்லதான் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போறா. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ட்ரக் ஒதுக்கினதுல பள்ளத்துல விழுந்துட்டா, அக்கா. கைக்கட்டு பிரிச்சு ரெண்டு வாரம்தான் ஆச்சு. இன்னும் நாலு வேர்ஹவுஸ் வந்தா?"

"எனக்கு மட்டும் பயம் இல்லையாங்க?" என்றாள் மலர். குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கு எமர்ஜென்சில அவ கூட உக்காந்திருந்தது நான்தான்."

அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள் நிலா மெலிந்துபோயிருந்த இடது கையால் அப்பளத்தை உடைத்தபடி என்னைப் பார்த்தாள். "தே ஆர் போத் ரைட், அத்தை. இட்ஸ் ஸோ அனாயிங்."

திங்கள் காலை நானும் மலரும் நடக்கக் கிளம்பியபோது சிவப்புப் பலகையைக் காணோம். யாரோ பிடுங்கிப்போய், கம்பி நின்ற ஓட்டை மட்டும் இருந்தது. பச்சை அப்படியே நின்றது.

"விடுங்கண்ணி. நாளைக்கு எப்படியும் எடுக்கப்போறதுதானே" என்று வேகமாக நடந்தாள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. வயலில் அறுப்பு முடிந்து வெறும் தட்டைகள்தான் நின்றன. லாரிகள் எங்களை உரசுவதுபோல் போயின. அந்தச் சாலையில் நடைபாதை இல்லை.

மாலை அலுவலகத்திலிருந்து வந்த செந்தில் ஓட்டையைப் பார்த்தான். காரை விட்டு இறங்கவேயில்லை. வந்த வழியே திரும்பிப் போனான். அரை மணி நேரம் கழித்து வந்தவன் கையில் புதிய சிவப்புப் பலகை.

"எங்கேடா கெடைச்சுது?"

"நோ சைடுல ஒருத்தர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். நான் யெஸ்ஸுன்னு சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கல."

குளிரில் குனிந்து, பழைய ஓட்டையிலேயே ஊன்றி, காலால் மிதித்து இறுக்கினான். மலர் சன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எங்களுக்குச் சாதா தோசை. அவனுக்கு மட்டும் நெய் ரோஸ்ட்.

செவ்வாய் காலை ஏழு மணி. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வாக்குச்சாவடி. இப்போது இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட இருவரும் ஒரே காரில் வந்து ஒரே வரிசையில் நின்றார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். கட்சி ஏஜென்டுகளின் கூச்சல் இல்லை, விரலில் மையும் இல்லை. கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறார்கள். அந்த இடத்தில் எனக்கு வேலை எதுவும் இல்லை என்பது விசித்திரமாக இருந்தது. முடிந்ததும் இட்லி வடை சாப்பிடப் போனோம். பிளேட் பதினோரு டாலர். சட்னி நன்றாகவே இருந்தது.

புதன் காலை முடிவு வந்தது. சிறிய வித்தியாசத்தில் 'ஆம்' ஜெயித்தது.

"சரி, ஜெயிச்சுட்டீங்க" என்று மலர் கணவனிடம் போனை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான். கொண்டாடவில்லை.

"வயல் தப்பிச்சுது. ஆனா லாரி நிக்காதுங்க. ஏற்கெனவே இருக்கற வேர்ஹவுஸுக்கு அது வந்துட்டேதான் இருக்கும். நெலம் வாங்கற நகராட்சியே நடைபாதையும் போடட்டும். நான் போய்க் கேக்கறேன்" என்றாள் மலர்.

அடுத்த வாரம் நகராட்சிக் கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து சில நிமிடம் பேசலாம். மலர் எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். பிறந்த ஊரான கோபிச்செட்டிபாளையத்தின் வாடையடிக்கும் ஆங்கிலத்தில், தான் 'நோ' போட்டவள், தோற்றவள், ஆனாலும் இந்த ஊர்க்காரி என்று தொடங்கினாள். மகள் விழுந்த இடத்தைச் சொன்னாள். முதலில் கைதட்டியது செந்தில். பிறகு கூடமே தட்டியது. ஆய்வு செய்வதாக மேயர் சொன்னார். அப்படித்தான் எங்கும் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் கிளம்புவதற்கு முன்பே இரண்டு பேர் வந்து அந்தச் சாலையோரத்தை அளந்து, ஆரஞ்சு வண்ணத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நிலா அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

பொள்ளாச்சி திரும்பிய மறுநாள் காலை. எங்கள் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றப்போவதாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே அதற்கு ஓட்டுப்பெட்டி வைத்து யாரும் எங்களைக் கேட்பதில்லை. வார்டு கூட்டத்தில் எழுந்து பேசினால்தான் உண்டு. என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"மாத்தறதுதான் நல்லது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நம்ம வீட்டு சார்பா நான் சொல்லிடறேன்."

"உங்க சார்பா நீங்க சொல்லுங்க" என்றேன். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அவ்வளவு தூரம் எப்படிப் போகும்? நான் வேண்டாங்கறேன். நானும் வர்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சரி, எத்தனை மணிக்குக் கெளம்பணும்?" என்றார்.