இருட்டுக்குள் பதினோரு அசுரர்கள்

கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கலரிஸ்ட் எதற்கு என்று, நான் ஓய்வுபெறும் நாள்வரை என் கணவர் கேலி செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு ஷாட்டிலும் வெளிச்சம் எவ்வளவு, இருட்டு எவ்வளவு என்று முடிவு செய்வதுதான் கிரேடிங். முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல ஆயிரம் கதை உண்டு. இது அந்த வகை இல்லை.

1. முகம் எங்கே?

அது ஒரு பழைய ஊமைப்படம். இளவரசன் கடலுக்கடியில் இறங்கி, அசுரர்களை அடித்து விரட்டி, ராஜகுமாரியை மீட்கும் மாயாஜாலக் கதை. பாதி மக்கிய பிரதியைக் காக்கநாட்டு ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்தோம். கிரேடிங் நான். முடிந்ததும் மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஹாலில் ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டினோம். ஏனென்றால் அசுரர்களாக வந்த பதினோரு பேரும் அங்கே பக்கத்திலேயே கொச்சங்காடிக் கிடங்குகளில் மூட்டை தூக்கியவர்கள், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். படத்தின் பெயர் அட்டையில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

விளக்குப் போட்டதும், தொண்ணூறை நெருங்கிய முத்தம்மா என்ற அம்மா கைத்தடியை ஊன்றி நேராக என்னிடம் வந்தார்.

"மோளே, எங்கப்பன் இதுல அசுரனா நடிச்சாரு. நான் வயித்துல இருக்கையிலயே செத்துட்டாரு. ஒரு போட்டோகூட இல்ல. மொகத்தைக் காணலாம்னு வந்தேன். கொம்பு கண்டேன், பல்லு கண்டேன். மொகம் எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. முகம் எங்கே என்று எனக்குத் தெரியும். நான்தான் அதை இருட்டில் அமுக்கியிருந்தேன்.

2. ஷேடோ

அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு பிடிபடாது. மாநிறத் தோல்கூட அதில் கரியாக விழும். அதனால் இளவரசனுக்கும் ராஜகுமாரிக்கும் முகத்தில் வெள்ளையாக அப்பினார்கள். மூட்டை தூக்குகிறவனுக்கு யார் மேக்கப் போடப்போகிறார்கள்? கொம்பைக் கட்டி நிறுத்திவிட்டார்கள். போதாததற்கு நான் வேறு, அசுரன்தானே என்று பிளாக் லெவலை இறக்கி, இருட்டை இன்னும் கூட்டினேன். என் கல்யாணப் போட்டோவில் முகத்தை வெளுத்துக் கொடுத்தவரோடு சண்டைக்குப் போனவள்தான் நான். வெட்கக்கேடு!

மறுநாள் முத்தம்மாவைக் காக்கநாட்டுக்கு அழைத்துவந்து, பக்கத்தில் உட்காரவைத்து, ஷேடோவை, அதாவது இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை, மெல்ல ஏற்றினேன். ஒருவருக்கு அம்மைத் தழும்பு. ஒருவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் கேமராவையே வெறிக்கிறார். முத்தம்மா மூன்று தடவை போடச் சொன்னார்.

"இதுல யாராக்கும் உங்க அப்பா?" என்று கேட்டேன்.

"கண்டா நெஞ்சு சொல்லும்னு நெனச்சேன் மோளே. சொல்லலியே" என்று அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

அப்போது உள்ளே வந்தார் சாஜன். படத்தை மீட்கும் பொறுப்பு அவருடையது. திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன சேச்சி இது? அசுரனைக் கண்டா பேடி வரண்டாமா?" பேடி என்றால் பயம். நான் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷர், இறங்கி வந்தார். "சரி, அப்பன் ஆருன்னு காட்டச் சொல்லுங்க. அந்த ஒராளை மட்டும் மாஸ்க் போட்டுத் தனியாப் பிரிச்சு வெளிச்சம் ஏத்திக்கலாம். மத்தவங்க இருட்டாவே இருக்கட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் முத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஆருன்னு தெரியாதே மோனே. நீ இருட்டுல விடற ஆளு எங்கப்பனா இருந்துட்டா?"

சாஜன் திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "இப்படியே இருக்கட்டும் சேச்சி" என்று போய்விட்டார். பதினோரு முகங்களும் அப்படியே பிரதியில் ஏறின.

அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் பிளாக் லெவலில் கைவைக்கும் முன் ஷாட்டில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்வேன். அத்தனை முகமும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இளவரசனிடம் போவேன்.