செஞ்சிக் கோட்டைக்கு எதேச்சையாகப் போனது

எங்கள் குடும்பம் மொத்தமாகக் கிளம்பி ஊர் சுற்றிப் பார்க்கப் போனது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக இல்லை, அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக. எனக்கு அப்போது எட்டு வயது. செஞ்சிக் கோட்டைக்குப் போகிறோம் என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார்கள். அத்தை பட்டுப்புடவை கட்டியதையும், அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து ஒரு பந்திக்கு ஆகும் அளவுக்குப் புளிசாதம் கிளறியதையும் பார்த்துவிட்டு, கோட்டைக்குப் போவதென்றால் இப்படித்தான் போக வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. நிரந்தரம் இல்லை, காண்டிராக்ட். எங்கள் வீடு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. வாசலில் அப்பாவின் இளநீர்க் கடை. பௌர்ணமிக்கு அது நல்ல இடம். மற்ற நாட்களில் அது ஒரு தொல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் போனாலும் தெருவே நின்று பார்க்கும். அத்தையைப் பார்க்க மூன்று வீட்டார் வந்து போயிருந்தார்கள். மூன்று வீட்டாரும் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். அத்தையை நடக்கச் சொன்னார்கள். சம்பளம் கேட்டார்கள். ஒரு வீட்டார் கையில் செய்தித்தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்கள், எம்.எஸ்சி. படித்த அத்தை, வெங்காய விலை பற்றிய செய்தி ஒன்றைப் படித்துக் காட்டினாள். "ஊருக்குப் போயி போன் பண்றோங்க" என்று கிளம்பியவர்கள் கிளம்பியவர்கள்தான். மறுநாள் காலையில் கோலம் போடும்போதே எதிர்வீட்டில் கேட்பார்கள், "என்னா, போன் வந்துச்சா?" என்று.

ஆகவே இந்தத் தடவை தரகர் ஒரு யோசனை சொன்னார். பொது இடத்தில் எதேச்சையாகப் பார்த்துக்கொள்வது. பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். பிடிக்கவில்லை என்றால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை, தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீடு திண்டிவனம் பக்கம், செஞ்சி நடுவில் இருக்கிறது. கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு முன்னால் இருக்கிற புல்தரையில் பையன் நீலச் சட்டையோடு அப்பா அம்மாவுடன் உட்கார்ந்திருப்பான். கல்யாண மகால் என்ற பெயரைக் கேட்டதுமே அப்பாவுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது.

வேனில் அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். "அங்க யாராச்சும் நம்மகிட்ட பேசுவாங்க. நீ வாயத் தொறக்கவே கூடாது." நான் தலையாட்டினேன். அத்தை தன் போனில் ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். உருண்டை முகம், மோவாயில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். அப்பாவும் அம்மாவும் அந்தப் படத்தை முன்பே ஒரு முறை பார்த்திருந்தார்கள். அத்தை அளவுக்கு யாரும் பார்க்கவில்லை.

கோட்டைக்குள் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது. பாறை மேல் பாறையாக அடுக்கிய மலை, அடியில் இப்படியொரு பச்சை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புல்தரைக்குக் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் குரங்கு. கல்யாண மகால் மாடி மேல் மாடியாக, கோபுரமா வீடா என்று தெரியாமல் நின்றது. அதன் முன்னால் ஒரு பெரியவர், ஒரு அம்மாள், நீலச் சட்டை போட்ட ஒரு பையன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அத்தையின் முந்தானையைச் சரிசெய்தாள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அப்பா தவித்துக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து அந்த அம்மாளின் இட்லிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அப்பாவுக்கு அது குரங்காகவே தெரியவில்லை, ஆஞ்சநேயர்தான்.

"சாப்பாட்டுக்கு என்னாங்க பண்ணுவீங்க? எங்ககிட்ட ஜாஸ்தியா இருக்குது, வாங்க" என்றார்.

"பரவால்லைங்க, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் உட்கார்ந்தார்கள்.

"எந்தப் பக்கங்க?"

"திண்டிவனம் பக்கங்க. மேல்மலையனூர் கோயிலுக்கு வந்தோம், அப்படியே கோட்டையப் பாத்துட்டுப் போலாம்னு."

"நாங்களும் சும்மாதாங்க வந்தோம்" என்றார் அப்பா. என்னமாய் நடிக்கிறார்கள் என்கிற பாராட்டு அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். "படத்துல மூஞ்சி உருண்டையா இருந்துச்சே" என்று அப்பாவிடம் முணுமுணுத்தாள். "ஸ்டுடியோல அப்படித்தான் பண்ணுவானுங்க" என்று அப்பா அடக்கிவிட்டார். எனக்கும் உறுத்தியது. ஸ்டுடியோக்காரர்கள் இருக்கிற மச்சத்தை எடுப்பார்கள். இல்லாத மச்சத்தை எதற்கு வைக்கப்போகிறார்கள்? வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவு பேசுவதற்குத்தான், ரகசியத்துக்கு இல்லை என்று முடிவு செய்து அத்தையின் காதில் சொன்னேன், "அத்தே, இவரு அவரு இல்ல." அத்தை ஒரு கவளம் புளிசாதத்தை என் வாயில் திணித்து, "சாப்புடு" என்றாள்.

அன்றைக்கு அத்தை சாப்பிட்டதைப்போல் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஆட்கள் வருகிற நாளில் அவளுக்குத் தண்ணீர்கூட இறங்காது. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள். அந்த அம்மாளோடு புடவைக்கடைகளைப் பற்றிப் பேசினாள். இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று நீலச் சட்டைக்காரரோடு விவாதம் செய்து, அவர் சொன்னது தப்பு என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். அம்மா பயந்துபோய்க் கண் ஜாடை காட்டினாள். அத்தை அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கோட்டையின் பழைய நெற்களஞ்சியத்துக்குள் போய், இருட்டில் நின்று "ஓ" என்று கத்தினாள். சுவர்கள் திருப்பிக் கத்தின. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா முக்கியமான இடத்துக்கு வந்திருந்தார். தங்கச்சி கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பதைச் சொன்னார், தங்கமான குணம் என்றார். அந்த அம்மாளும் சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, "எங்க பையனுக்கு வர்ற ஆவணில கல்யாணம் வெச்சிடலாம்னு இருக்கோங்க" என்றாள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்களுக்கும் ஆவணி தோதுதாங்க."

"அப்படிங்களா? உங்க வீட்லயும் கல்யாணமா?"

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மாதான் மெதுவாகக் கேட்டாள், "உங்களுக்குப் பொண்ணு எந்த ஊருங்க?"

"சொந்தந்தாங்க. எங்க அண்ணன் பொண்ணு."

அப்பா கை கழுவிவிட்டு வருவதாக எழுந்து போனார். தரகரிடமிருந்து அவருக்குப் போன் வந்தது அப்போதுதான். கல்யாண மகாலுக்கு மறுபக்கம், வெயிலுக்கு ஒதுங்கி வேப்பமர நிழலில், இன்னொரு நீலச் சட்டை அவ்வளவு நேரமாகக் காத்திருந்திருக்கிறது. எதேச்சையாக வந்தவர்கள் எப்படித் தேடி வந்து விசாரிப்பார்கள்? தூரத்திலிருந்து பட்டுப்புடவையைப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் வேறொரு நீலச் சட்டையோடு விருந்து சாப்பிட்டதையும் பார்த்திருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு மாப்பிள்ளை பார்க்கிற குடும்பம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போய்விட்டார்களாம்.

திரும்பும் வழியில் அப்பா டிரைவர் பக்கத்தில் குறுகி உட்கார்ந்திருந்தார். "எனக்குத்தான் புத்தி இல்ல. ஒரு வார்த்த பேரக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நல்ல இடம், என்னால போச்சு" என்றார். அவர் அழுதுவிடுவாரோ என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து அத்தை, "விடுண்ணா, நீ என்னா பண்ணுவ" என்றாள்.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டாள். நான் அத்தையின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டேன், "அவரு இல்லன்னு உனக்கு மொதல்லயே தெரியுந்தானே? ஏன் அத்தே சொல்லல?"

"அவங்க யாரும் என்னைப் பாக்க வரலடி" என்றாள். "அதான் சொல்லல."

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. பார்க்க வராதவர்கள் என்றால் அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்? இவ்வளவு படித்தும் அத்தைக்கு இந்தச் சின்ன விஷயம் புரியவில்லையே என்று அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.